காடழிந்த மலையிற் சிறுத்தை: பிறப்புரிமைச் சான்றுகளும் பெருந்தோட்ட வரலாறும்

மலையகத்தின் வரலாற்றை எழுதியோர் இதுகாறும் பெரும்பாலும் எழுத்தாவணங்களையே நம்பி வந்துள்ளனர். குடியேற்ற நாட்டு அரசாங்கத்தின் அறிக்கைகள், தோட்டக் கணக்கேடுகள், துரைமாரின் நினைவுக் குறிப்புகள் என்பனவே அவர்தம் மூலங்கள். அம்மூலங்களிலே தொழிலாளி ஓர் எண்ணாகக் காணப்படுகின்றான். காடு ஏக்கர்க் கணக்காகக் காணப்படுகின்றது. தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை முதலியோரின் முயற்சியினால் தொழிலாளியின் குரல் காலந்தாழ்த்தியேனும் வரலாற்றுச் சான்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. காட்டுக்கு அத்தகைய வாய்ப்பு நெடுங்காலம் கிட்டவில்லை. எந்த விலங்கு எந்த மலையில் வாழ்ந்தது, எப்பொழுது இல்லாதொழிந்தது, எஞ்சியவை ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்றிருந்தன என்னும் வினாக்களுக்கு வேட்டைக்காரரின் நூல்களே விடை கூறி வந்தன. கொன்றவனே சாட்சியுமாகி நின்ற வழக்கு அது.

கடந்த நாற்பது ஆண்டுகளுக்குள் இந்நிலையில் ஒரு மாற்றம் ஏற்பட்டுள்ளது. உயிரிகளின் கலங்களிலே உறைந்துள்ள பிறப்புரிமைப் பொருளைப் படித்து, ஒரு குடித்தொகையின் கடந்த காலத்தை ஊகித்தறியும் முறை வளர்ந்துள்ளது. பிறப்புரிமைக் குறிகாட்டிகள் என்று உயிரியலார் வழங்கும் இவற்றை வரலாற்று மாணவர் தமக்கு அயலானவை என்று ஒதுக்கிவிடுதல் தகாது. அவ்வாறே, ஆய்வுகூடத்திலிருந்து வந்தவை என்பதற்காகக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளுதலும் தகாது. கல்வெட்டைப் போல, ஏட்டைப் போல, இவையும் ஒருவகை மூலங்கள். ஒவ்வொரு மூலத்துக்கும் அது பேசக்கூடிய காலமும் பேசமுடியாத காலமும் உண்டு. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் மலைகளிலே இன்று வாழும் சிறுத்தையையும், ஒரு காலத்தில் அங்கு வாழ்ந்து இன்று இல்லாத யானையையும் கொண்டு இவ்விடயத்தை நோக்க முயல்வதே இக்கட்டுரை.

முதலில் யானையை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மத்திய மலைநாடு யானைகள் நிறைந்த நாடாக இருந்தது. கண்டியரசின் காலத்தில் யானை அரசனின் உரிமைப் பொருள். அதனைப் பிடித்தலும் கொல்லுதலும் குடிகளின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. 1815இல் கண்டி வீழ்ச்சியுற்றதும் அக்கட்டுப்பாடும் வீழ்ந்தது. 1820களிற் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை 1840களிற் பெரும் மோகமாக வளர்ந்தபொழுது, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் காட்டை விற்பனைப் பண்டமாக்கும் வழியைத் திறந்துவிட்டது. மரத்தை வீழ்த்திய கோடரியும் யானையை வீழ்த்திய துப்பாக்கியும் ஒரே காலத்திலேயே மலையேறின.

பதுளையிற் பணியாற்றிய மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பார் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பதியப்பட்டுள்ளார். 1845இல் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி அவர் இறந்தார். நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டார். 1859இல் இலங்கை பற்றிய தமது பெருநூலை வெளியிட்ட எமேர்சன் ரெனன்ற், இவரை மட்டுமன்றி, இவரது எண்ணிக்கையின் பாதியளவு கொன்ற வேறு அதிகாரிகளையும் குறிப்பிடுகின்றார். அரசாங்கமே தலைக்குச் சில ஷில்லிங் வீதம் வெகுமதி வழங்கியதையும் அவர் மூலமே அறிகின்றோம்: 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குட்பட்ட காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் வெகுமதி கோரப்பட்டது. இலங்கையில் ஆண் யானைகளிலும் மிகச் சிலவே தந்தமுடையவை. எனவே இக்கொலைகளைத் தந்த வணிகத்தின் விளைவு என்று கூறித் தப்பிக்க இயலாது. காடு வெட்டுதற்கு இடையூறு என்பதும், கனவானுக்குரிய விளையாட்டு என்பதுமே காரணங்கள்.

1848இல் நுவரெலியாவிற் பண்ணையமைத்துக் குடியேறிய சாமுவேல் பேக்கர், 1855இல் நாட்டை விட்டு நீங்கும்வரை ஹோட்டன் சமவெளியிலும் சூழவுள்ள மலைகளிலும் மரை, யானை ஆகியவற்றை வேட்டையாடியமையைத் தம் நூல்களில் விரிவாக எழுதியுள்ளார். 1891இல் யானைகளைக் காரணமின்றிக் கொல்லுதலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் வந்தபொழுது, மலைநாட்டிற் பாதுகாக்க எஞ்சியவை சொற்பமே. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிக்குள் ஹோட்டன் சமவெளியிலிருந்து யானை முற்றாக மறைந்துவிட்டது.

இங்கேதான் பிறப்புரிமைச் சான்றின் எல்லையை முதன்முதலில் உணர்கின்றோம். காட்டில் வாழும் ஆசிய யானைகளைப் பற்றிய முதலாவது பிறப்புரிமை ஆய்வினை இலங்கையரான பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது சகாக்களும் 2000ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். யானையைப் பிடிக்காமல், குருதி எடுக்காமல், அதன் இலத்தியிலிருந்தே டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்தமை அவ்வாய்வின் சிறப்பு. இலங்கை, பூட்டான் மற்றும் வட இந்தியா, லாவோஸ் மற்றும் வியட்நாம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த 118 யானைகள் ஆராயப்பட்டன. 17 தாய்வழி வகைகள் காணப்பட்டன; அவை ஒன்றிலிருந்தொன்று வெகுவாக வேறுபட்ட இரு தொகுதிகளாக அமைந்தன. அத்தொகுதிகள் பிரிந்தது ஏறக்குறைய 25 முதல் 35 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் என மதிப்பிடப்பட்டது. இலங்கை யானைகள் பெருநிலத்து யானைகளிலிருந்து வேறுபட்டன என்பதோடு, இலங்கைக்குள்ளேயே வடபகுதி, இடைப்பகுதி, தென்பகுதி யானைகளுக்கிடையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தமை புலப்பட்டது.

இம்முடிவினை வாசிக்கும் மலையகத்தவர் ஒருவருக்கு எழும் வினா எளிமையானது. வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே உயர்ந்து நிற்கும் மலைகளில் வாழ்ந்த யானைகள் இவற்றுள் எதனைச் சேர்ந்தவை? அவை இவ்விரு பகுதிகளையும் இணைத்த பாலமாக இருந்தனவா, அன்றித் தனியொரு குழுவாக இருந்தனவா? இலத்தி இல்லாத இடத்தில் இவ்வினாவுக்கு விடையும் இல்லை. ரொஜர்ஸின் துப்பாக்கி விலங்கை மட்டுமன்றி ஆவணக் காப்பகத்தையும் சேர்த்தே எரித்துவிட்டது எனலாம். இன்று காணப்படும் வடக்கு, தெற்கு வேறுபாட்டின் எவ்வளவு பங்கு இயற்கையினாலானது, எவ்வளவு பங்கு நடுவிலிருந்த யானைகள் அகற்றப்பட்டதனால் கூர்மையடைந்தது என்பதைத் தாய்வழிக் குறிகாட்டி தனித்து நின்று கூற முடியாது.

வணிகம் பற்றிய விவாதமும் இதனோடு தொடர்புடையது. ஒல்லாந்தர் காலத்திலும் அதற்கு முன்னரும் இலங்கை யானைகள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு விற்பனையாகின. ஆனையிறவு என்னும் இடப்பெயர் அந்நெடும்பயணத்தின் எச்சமாக இன்றும் நிற்கின்றது. ஆசிய யானைகளின் தாய்வழி வகைகள் நாடுகளுக்கிடையே கலந்து காணப்படுவதற்கு இத்தகைய யானை வணிகமும் ஒரு காரணமாகலாம் என 2001இல் பிளைஷர் முதலியோர் கருதினர். 2009இல் வித்யா, சுகுமார், மெல்னிக் ஆகியோர் 534 யானைகளின் சான்றுகளை ஆராய்ந்து, இரு தொகுதிகளும் பனியுகச் சுழற்சிகளின்போது வெவ்வேறிடங்களில், ஒன்று மியன்மார்ப் பகுதியிலும் மற்றையது தென்னிந்தியா, இலங்கை சார்ந்த பகுதியிலும், தோன்றியிருத்தல் கூடும் என விளக்கினர். ஒரே வகைச் சான்று. இரு வேறு வரலாறுகள். அரசியல் வரலாற்றில் மட்டுமே இத்தகைய கருத்து வேறுபாடு நிகழும் என்று எண்ணுவோர் இதனைக் கவனித்தல் நன்று.

பழைய பொருட்கள் எதிர்பாராத உண்மைகளைக் கூறுவதும் உண்டு. 1758இல் ஆசிய யானைக்கு அறிவியற் பெயரிட்ட லின்னேயஸ் அதன் தாயகம் இலங்கை எனக் குறித்தார். ஆனால் அவர் முன்மாதிரிகளுள் ஒன்றாகக் கொண்ட, ஸ்ரொக்ஹோமிற் பாதுகாக்கப்பட்டுவந்த முதிராக்கரு, ஓர் ஆபிரிக்க யானையினது என்பது 2014இற் புரதமும் டி.என்.ஏ.யும் கொண்டு நிறுவப்பட்டது. அதற்குப் பதிலாகப் புளோரன்ஸ் நகரிலுள்ள ஓர் எலும்புக்கூடு முன்மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இலங்கையிற் பிறந்து, ஐரோப்பாவெங்கும் வேடிக்கை காட்டப்பட்டு, 1637இல் ரெம்பிராண்டினால் வரையப்பட்டு, 1655இல் அந்நகரிலே மாண்ட ஹான்ஸ்கன் என்னும் பெண் யானையின் எலும்புகளே அவை. நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு விலங்கு தன் இனம் முழுவதற்கும் அடையாளமாகி நிற்கின்றது. மலைநாட்டு யானைகளின் மண்டையோடுகளும் எங்கேனும் அருங்காட்சியகங்களிலோ பழைய மாளிகைகளிலோ இருக்குமாயின், முன்னர் எழுப்பிய வினாவுக்கு அவையே விடை தர வல்லன.

யானை அழிந்த மலையிற் சிறுத்தை எவ்வாறு எஞ்சியது? இதற்கு விடை விலங்கின் இயல்பில் ஒரு பாதியும் நிலத்தின் வரலாற்றில் மறு பாதியுமாக உள்ளது. சிறுத்தை தனித்து வாழ்வது, இரவில் நடமாடுவது, மரையும் கேளையாடும் கிட்டாவிடில் முயலையும் குரங்கையும் லயத்து நாயையும் உண்டு வாழக்கூடியது. சிங்கமும் புலியும் இத்தீவில் முன்னொரு காலத்தில் வாழ்ந்தமைக்குப் புதைபடிவச் சான்றுகள் உண்டெனினும், அவை மறைந்தபின் ஊனுண்ணிகளுள் முதலிடம் இதற்கே உரியதாயிற்று.

நிலத்தின் வரலாறு மேலும் கவனத்துக்குரியது. கோப்பி பெரும்பாலும் இடைமட்ட மலைகளையே விழுங்கியது. 1870களின் பிற்பகுதியில் அதன் பரப்பு ஏறக்குறைய 2,75,000 ஏக்கர். 1869இல் இனங்காணப்பட்ட இலைத்துரு நோய் அதனை வீழ்த்தியது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, கோப்பியின் இடத்தை நிரப்பியதோடு நில்லாமல் அதற்கு மேலும் ஏறியது. 1885இல் இருப்புப்பாதை நானுஓயாவை அடைந்தது. இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபொழுது தேயிலைப் பரப்பு 4 இலட்சம் ஏக்கரை அண்மித்திருந்தது. இவ்வேகத்திற்கு ஒரு தடை இருந்தது: 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விட்டுவைக்க வேண்டுமென 1873இல் யோசெப் ஹூக்கர் வழங்கிய ஆலோசனை. ஆற்றுத் தலைப்புகளையும் மழையையும் காப்பதற்கே அவ்வாலோசனை கூறப்பட்டது. சிறுத்தையை நினைத்து எவரும் கூறவில்லை. அவ்வாலோசனை முழுமையாகப் பின்பற்றப்படவுமில்லை; நுவரெலியாவைச் சூழ அக்கோட்டுக்கு மேலும் தேயிலை உண்டு. ஆயினும் சிவனொளிபாத மலைக் காடும் ஹோட்டன் சமவெளியும் எஞ்சியமைக்கு அது காரணமாயிற்று. முன்னது 1940இற் சரணாலயமாகவும், பின்னது 1969இற் சரணாலயமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டன. 2010இல் இரண்டும் நக்கிள்ஸ் மலைத்தொடருடன் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

ஆக, இன்றைய மலையகத்தின் நிலப்படம் பின்வருமாறு உள்ளது. உச்சிகளிலே பெருங்காடு, அதற்குக் கீழே தேயிலைக் கடல், அக்கடலினுள்ளே ஆற்றோரங்களிலும் செங்குத்துப் பாறைகளிலும் தேயிலை நடமுடியாத மூலைகளிலும் காட்டுத் துண்டுகள். பொகவந்தலாவை, காசல்ரீ, அக்கரபத்தனை ஆகிய பகுதிகளிற் சிறுத்தை இத்துண்டுகளையே தங்குமிடங்களாகக் கொண்டு, இரவிலே தேயிலை மலைகளுக்கூடாக நடந்து திரிகின்றது. அஞ்சலி வட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோர் இந்நூற்றாண்டிலே தானியங்கிக் கமராக்களைப் பொருத்தியும் எச்சங்களை ஆராய்ந்தும் மலைநாட்டுச் சிறுத்தைகளின் வாழ்வை வெளிக்கொணர்ந்தனர். தோட்டத்து மக்களுக்கு இது புதிய செய்தியன்று. விடியற்காலையிற் பெரட்டுக்குச் செல்பவரும் கொழுந்து மலைக்கு ஏறுபவரும் அதன் தடத்தைப் பரம்பரை பரம்பரையாகக் கண்டு வந்தவர்கள். சிலர் அதன் நகத்தையும் கண்டவர்கள்.

இனி, இச்சிறுத்தை பற்றிப் பிறப்புரிமைக் குறிகாட்டிகள் கூறுவன யாவை? இலங்கைச் சிறுத்தையை ஒரு தனி உப இனமாக 1956இல் விவரித்தவர் பி. இ. பி. தெரணியகல. சிங்கள வழக்கிலிருந்து ‘கொட்டியா’ என்னும் சொல்லை அவர் பெயராக்கினார். (அச்சொல் பின்னாளில் அரசியல் வசையாக மாறியமை வேறொரு வரலாறு.) அக்காலத்து வகைப்பாடு தோலின் நிறத்தையும் புள்ளியின் அமைப்பையும் மண்டையோட்டின் அளவையும் கொண்டே செய்யப்பட்டது. அவ்வாறு உலகெங்கும் 27 உப இனங்கள் பெயரிடப்பட்டிருந்தன. 1996இல், இலங்கையரான ஸ்ரீயானி மித்தபால தம் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வு, நொதியங்களின் வேறுபாடு, இழைமணி டி.என்.ஏ., மீள்தொடர்கள் ஆகியவற்றைக் கொண்டு இவ்வெண்ணிக்கையை எட்டாகக் குறைத்தது. அந்த எட்டினுள் இலங்கைச் சிறுத்தை நிலைபெற்றது. 2001இல் உப்பிர்கினா முதலியோர் 77 சிறுத்தைகளின் இழைமணித் தொடர்களையும் 25 நுண்மீள்தொடர் இடங்களையும் ஆராய்ந்து ஒன்பது உப இனங்கள் எனத் திருத்தினர். சிறுத்தை ஆபிரிக்காவில் 4,70,000 முதல் 8,25,000 ஆண்டுகளுக்கு முன்னர் தோன்றி, ஆசியாவெங்கும் 1,70,000 முதல் 3,00,000 ஆண்டுகளுக்கு முன்னர் பரவியது எனவும் மதிப்பிட்டனர்.

27 என்பது எட்டாகி ஒன்பதாகியமையில் ஒரு பாடம் உண்டு. மனித இனங்களைத் தோலாலும் மண்டையோட்டாலும் பிரித்த அதே நூற்றாண்டிலேதான் சிறுத்தைகளும் அவ்வாறு பிரிக்கப்பட்டன. எல்லைகள் எங்கும் கூரியவை எனக் கொண்ட அந்நோக்கு இரண்டிடத்தும் தளர்ந்தது. இலங்கைச் சிறுத்தையின் தனித்தன்மை உண்மையானதே. எனினும், கடைசிப் பனியுகம் முடிந்து கடல் உயரும்வரை இத்தீவு பெருநிலத்தோடு இணைந்திருந்தது என்பதையும் மறத்தலாகாது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் 5,25,000 பேர் அந்நாட்டுக்கு, 3,00,000 பேர் இந்நாட்டுக்கு, 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என எண்ணிப் பிரிக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள், தோற்றுவாய் பற்றிய எந்த அறிவியலையும் ஐயத்தோடு நோக்குவராயின் அதனை அறியாமை என்று கூறுதல் பொருந்தாது. மனிதரை விலங்கோடு ஒப்பிடுவது எம் நோக்கமன்று. ‘எங்கிருந்து வந்தது’ என்னும் வினா எவருடைய கையில் எதற்குப் பயன்படுகின்றது என்பதையே சுட்டுகின்றோம்.

மலையக வரலாற்றுக்கு மேற்கூறிய ஆய்வுகளிலும் முக்கியமான வினா இன்னொன்று. கடந்த ஒன்றரை நூற்றாண்டில், தேயிலை சூழ்ந்த இக்காட்டுத் துண்டுகளிலே சிறுத்தைக் குடித்தொகைக்கு நிகழ்ந்தது என்ன? இங்குக் குறிகாட்டியின் தேர்வே காலத்தின் தேர்வாகின்றது. இழைமணி டி.என்.ஏ. தாய்வழியாக மட்டுமே கடத்தப்படுவது, மெதுவாக மாறுவது. இலட்சக் கணக்கான ஆண்டுகளின் கதையை அது சொல்லும். ஹூக்கரின் 1873ஐ அதன் புதிய மாற்றங்களிற் படிக்க இயலாது. நுண்மீள்தொடர்கள் அவ்வாறல்ல. நிறமூர்த்தங்களில் இரண்டு முதல் ஆறு எழுத்துகள் மீண்டும் மீண்டும் அடுக்கி வரும் இவ்விடங்கள் விரைந்து மாறுபவை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருபவை. ஒரு விலங்கை மற்றொன்றிலிருந்து பிரித்தறியவும், உறவினை அறியவும், அண்மைக் காலத் தனிமைப்பாட்டை அறியவும் உதவுபவை. பெண் சிறுத்தை பெரும்பாலும் தாயின் எல்லைக்கு அருகிலேயே தங்கிவிட, ஆண் சிறுத்தை தொலைவுக்குச் செல்வது இயல்பு. ஆகவே தாய்வழிக் குறிகாட்டியில் வேறுபட்டுத் தோன்றும் இரு காடுகள், நுண்மீள்தொடரில் ஒன்றாகத் தோன்றுமாயின், ஆண்கள் தேயிலையைக் கடந்து சென்று வருகின்றன என்பது பொருள். இரண்டிலும் வேறுபடின், தேயிலை மதிலாகிவிட்டது என்பது பொருள்.

இதனை ஓர் எளிய கணக்காலும் விளக்கலாம். தனிமைப்பட்ட ஒரு குடித்தொகை ஒவ்வொரு தலைமுறையிலும் தன் பல்லினநுகத் தன்மையில் இழக்கும் பங்கு, இனப்பெருக்கத்திற் பயனுறும் தொகையின் இருமடங்கால் ஒன்றை வகுத்துப் பெறப்படுவது. பயனுறும் விலங்குகள் 10 எனின், இழப்பு 20இல் ஒன்று, அதாவது 5 சதவீதம். 50 எனின் 1 சதவீதம். ஒரு தலைமுறையை ஏழெட்டு ஆண்டுகள் எனக் கொண்டால், தேயிலை பரவத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை சென்றவை ஏறக்குறைய 20 தலைமுறைகள். 50 விலங்குகளுள்ள குழுவில் 82 சதவீதம் எஞ்சியிருக்கும். 10 விலங்குகள் மட்டுமுள்ள குழுவில் 36 சதவீதமே எஞ்சியிருக்கும். இது ஏட்டுக் கணக்கு; எந்தக் காட்டிலும் அளந்து பெற்றதன்று. ஆயினும் அதே ஏட்டுக் கணக்கு மற்றொன்றையும் கூறுகின்றது: தலைமுறைக்கு ஓரிரு விலங்குகள் வெளியிலிருந்து வந்து இனப்பெருக்கத்திற் கலந்தாற் போதும், இத்தேய்வு பெருமளவு தடுக்கப்படும்.

ஆகவே, சிவனொளிபாத மலைக் காட்டிலிருந்து ஹோட்டன் சமவெளி நோக்கி இரவோடிரவாகத் தேயிலையைக் கடக்கும் ஓர் இளம் ஆண் சிறுத்தை, எண்ணிக்கையில் ஒன்றேயாயினும், விளைவில் ஒன்றன்று. ஓடையோரத்திலும் காட்டு விளிம்பிலும் கட்டப்படும் சுருக்குக் கம்பி அத்தகைய பயணியையே பெரிதும் பிடிக்கக் கூடியது. ஏனெனில் காட்டின் நடுவில் தங்கிவிடும் விலங்கைவிட விளிம்புகளைக் கடந்து செல்லும் விலங்கே அதன் வழியில் வருவது.

2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி, நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றின் மரக்கறிப் பாத்தியருகே ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியிற் சிக்கியது. மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அது மே 29ஆம் திகதி இறந்தது. கருஞ்சிறுத்தை தனியினமன்று. நிறத்தைக் கட்டுப்படுத்தும் பரம்பரையலகு ஒன்றில் ஏற்பட்ட விகாரமே ஆசியச் சிறுத்தைகளின் கருமைக்குக் காரணம் என்பதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவ்வியல்பு பின்னிடைவானது, தாயும் தந்தையும் அதனைக் கொடுத்தாலன்றிக் குட்டி கருமையாகாது. எனவே ஒரு கருஞ்சிறுத்தை காணப்பட்டதென்றால், புள்ளியுடைய பல சிறுத்தைகள் அதே காட்டில் அந்த எதிருருவைக் கண்ணுக்குத் தெரியாமல் சுமந்து திரிகின்றன என்று கொள்ள நியாயமுண்டு. நெருங்கிய உறவினுள் இனப்பெருக்கம் நிகழ்கின்றது என்பதற்கு இதுவே ஆதாரம் எனச் சிலர் அவசரப்பட்டுக் கூறக்கூடும். ஒரு விலங்கைக் கொண்டு அவ்வாறு கூற இயலாது. பல காடுகளிலிருந்து பல மாதிரிகள் வேண்டும்.

அச்செய்தி வெளிவந்தபொழுது நாடெங்கும் எழுந்த துயரம் உண்மையானது. எனினும், கம்பி கட்டியவன் யார் என்னும் வினா உடனே லயத்தை நோக்கி எழுந்தது; மரக்கறிப் பாத்தி அங்கே ஏன் இருந்தது என்னும் வினா அவ்வளவு உரத்து எழவில்லை. நாட்கூலியைக் கொண்டு குடும்பம் நடத்த இயலாத தொழிலாளி, தோட்டத்துக்குச் சொந்தமான, தனக்கு உறுதி இல்லாத ஒரு துண்டு நிலத்திற் கரட்டும் கோவாவும் பயிரிடுகின்றான். காட்டுப்பன்றி ஓரிரவில் அதனை அழித்துவிடும். துப்பாக்கி அவனிடம் இல்லை. வேலியடிக்கக் காசு இல்லை. இழப்பீடு கேட்க உறுதிப்பத்திரமும் இல்லை. கம்பி மலிவானது. இதனைக் கூறுவது சுருக்குக் கம்பியை நியாயப்படுத்துதற்கன்று. அது பன்றியையும் சிறுத்தையையும் வேறுபடுத்தி அறியாத கொடிய கருவி. இறைச்சிக்காகவே அதனைக் கட்டுவோரும் உளர். ஆனால் 1840இல் காட்டை விற்றவர், 1870களில் அதனை வெட்டுவித்தவர், 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றபோதும் காட்டுத் துண்டுகளைக் கணக்கிற் கொள்ளாது விட்டவர் ஆகிய அனைவரும் அகன்று நிற்க, வரலாற்றின் கடைசிக் கண்ணியில் நிற்பவனை மட்டும் கூண்டிலேற்றுவது ஆய்வுமன்று, நீதியுமன்று.

இலங்கைச் சிறுத்தை 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகச் செம்பட்டியலில் அழிவுக்கு இலக்காகக்கூடியது என்னும் நிலையில் உள்ளது. முதிர்ந்த விலங்குகள் 800க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டுள்ளன. இவற்றுள் ஒரு பகுதி பூங்காக்களுக்கு வெளியே, தோட்டங்களிலே வாழ்கின்றது. ஆகவே மாதிரிகளும் அங்கிருந்தே பெறப்படல் வேண்டும். எச்சத்திலிருந்து டி.என்.ஏ.யைப் பிரிக்கும் முறை உள்ளதால் விலங்கைத் துன்புறுத்தத் தேவையில்லை. ஆனால் மலைநாட்டு மழை எச்சத்தை விரைவிற் கரைத்துவிடும். புதியதைக் கண்டெடுக்க வேண்டும். நாள்தோறும் அம்மலைகளில் நடப்பவர் யார்? பழைய பங்களாச் சுவர்களில் மாட்டப்பட்டிருந்த தோல்களும் அருங்காட்சியக மண்டையோடுகளும் தேயிலைக்கு முந்திய, அல்லது அது பரவிய காலத்துச் சிறுத்தைகளின் சான்றுகள். அவற்றோடு இன்றைய எச்சங்களை ஒப்பிட்டாலன்றி, எவ்வளவு இழந்தோம் என்னும் கணக்கு ஏட்டிலேயே நின்றுவிடும்.

ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு மாதிரிக் குப்பியிலும் ஒரு சீட்டு ஒட்டப்படுகின்றது: திகதி, உயரம், இடம். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் பெரும்பாலும் அதிற் போதுமானதாகக் கருதப்படும். ஒரு தோட்டமோ பல நூறு ஏக்கர். அதனுள் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்பனவும், ஒவ்வொரு பிரிவினுள்ளும் தொழிலாளர் தாமே பெயரிட்டு வழங்கும் மலைகளும் ஓடைகளும் பாறைகளும் உள்ளன. எந்த ஓடைக்கு அப்பாற் காடு தொடங்குகின்றது, எந்த மலை கோப்பிக் காலத்தில் வெட்டப்பட்டது, எது பாட்டன் காலத்திற் காடாயிருந்தது என்பதை அப்பெயர்களை வழங்கும் முதியோரே அறிவர். சீட்டில் அப்பெயரும் எழுதப்படல் வேண்டும். அதனைக் கூறியவரின் வயதும் உடன் எழுதப்படல் வேண்டும்.